அஞ்சு வருஷத்துல வந்துடுமாம்

எங்கள் கடைக்கு வருகிற ஆண்களில் பாதிப்பேர் விக் வாங்க வருவதில்லை. இன்னும் எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று கேட்க வருகிறார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். முதலில் விலை கேட்பார்கள். அலமாரியில் இருப்பதைத் தொட்டுப் பார்ப்பார்கள். "தூங்கும்போது கழட்டணுமா?" என்பார்கள். அப்புறம்தான் செல்போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டுவார்கள். ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள், அமெரிக்காவில் சோதனை நடக்கிறது, எலிக்கு முளைத்துவிட்டது. "அஞ்சு வருஷத்துல வந்துடுமாம் அக்கா. அதுவரைக்கும் தள்ளிப்போடலாமான்னு பார்க்கறேன்."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்த அஞ்சு வருஷத்தை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது ஒரு நாளும் நாலு வருஷம் ஆனதில்லை. ஆனாலும் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். முடிச்சுப் போடப் பழக வருகிற பிள்ளைகளுக்கு ஊசியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்வது அதைத்தான். காத்துக்கொண்டிருக்கிறவருக்குக் கட்டுவது தனி வேலை. அதைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எனக்குத் தொழில் கொடுத்த மாஸ்டர் கோடம்பாக்கத்து ஆள். புராணப் படங்களுக்கு ஜடாமுடி, ராஜாக்களுக்குத் தோள்வரை சுருட்டை, வில்லனுக்குத் தாடி மீசை என்று வாழ்நாள் முழுக்கக் கட்டியவர். கறுப்பு வெள்ளைப் படங்கள் போய்க் கலர் வந்து, நடிகர்கள் சொந்த முடியோடு நடிக்கத் தொடங்கியபோது, வீட்டுக்குக் கட்டும் வேலைக்கு வந்தார். "சினிமா டோப்பாவை கேமரா பத்தடி தள்ளி நின்னு பார்க்கும். இதைப் பொண்டாட்டி ஒரு சாண் தூரத்துல பார்ப்பா" என்பார். பழைய பழக்கத்தையெல்லாம் அவர் ஐம்பது வயதுக்கு மேல் உதறிவிட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டவர். அதனாலோ என்னவோ, கற்றுக்கொடுக்கும்போது பொறுமை அதிகம்.

அவர் கை வேலை செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மரத்தலையில் லேஸை இழுத்துக் குண்டூசி குத்தி வைத்திருப்பார். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை முடி, வேர்ப் பக்கம் மடித்து ஒரு சின்ன வளையமாக. வலது கையில் கொக்கி ஊசி. ஊசி லேஸின் ஒரு கண்ணுக்குள் நுழைந்து அடுத்த கண்ணில் தலையை நீட்டும். வளையத்திலிருந்து ஒரே ஒரு முடியைக் கவ்வும். பின்னால் வரும்போது ஊசியை அரைச் சுற்று சுழற்றுவார். அப்போது கொக்கி லேஸ் நூலில் மாட்டாமல் நழுவி வரும். திரும்ப முடியைச் சுற்றிப் பிடித்து வளையத்தின் வழியாக இழுத்தால் முடிச்சு. இழுக்கிற திசைதான் அந்த முடி படுக்கிற திசை. முன்னால் இழுத்தால் நெற்றியில் விழும், பின்னால் இழுத்தால் தூக்கி நிற்கும். முடிச்சு போட்ட பிறகு சீவித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சீவுவது ஒரு மணி நேரத்துக்கு நிற்கும். முடிச்சின் திசை விக்கின் ஆயுசு முழுக்க நிற்கும்.

முன் வரிசைக்கு ஒரு கண்ணுக்கு ஒரு முடி. அதற்குப் பின்னால் இரண்டு. உச்சிக்குப் போகும்போது மூன்று, நாலு. முடி எத்தனை என்பதற்கேற்ப ஊசியும் மாறும். புதிதாக வருகிறவர்கள் அவசரத்தில் முன் வரிசையிலேயே மூன்று முடி கவ்வுகிற ஊசியை எடுத்துவிடுவார்கள். வேலை வேகமாக நடக்கிற மாதிரி தெரியும். போட்டுப் பார்த்தால் நெற்றியில் கறுப்புப் பேனாவால் கோடு இழுத்து வைத்திருக்கும். அதைப் பிரிக்கத்தான் அதிக நேரம் ஆகும்.

முடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நல்ல முடி நமக்குக் கோயிலிலிருந்து வருகிறது. திருப்பதி, பழனி, சமயபுரம், திருத்தணி. வேண்டுதலுக்குக் கொடுக்கிற முடி ஏலத்தில் போய், வியாபாரிகள் கைமாறி, நீளவாரியாகப் பிரிந்து எங்களிடம் வரும். ஒரே தலையில் கட்டாகக் கட்டி மழித்த முடி என்பதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் கலையாமல் இருக்கும். தெருவில் சைக்கிளில் வந்து பாத்திரத்துக்கு வாங்கிப் போகிறார்களே, சீப்பில் வந்த சிக்கு முடி, அதில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்திருக்கும். முடியின் மேல்தோல் ஓடு வேய்ந்த கூரை மாதிரி, வேரிலிருந்து நுனியைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு முடியைப் பக்கத்தில் வைத்தால் ஓட்டுக்கு ஓடு மாட்டி மூன்று குளியலில் சடை விழுந்துவிடும். சிக்கு முடியை அமிலத்தில் போட்டு அந்த ஓட்டைக் கரைத்து, மேலே சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்கி விற்பவர்கள் உண்டு. கடையில் பார்க்க அதுதான் அழகாக இருக்கும். பூச்சு போனதும் வைக்கோல்.

கட்டு கையிலிருந்து நழுவிக் கலைந்துவிட்டால் அள்ளிச் சீவி வைத்துவிடாதீர்கள். என்னிடம் பழகிய ஒரு பெண் அப்படிச் செய்து, உச்சிப் பாகம் முழுக்கச் சடை பிடித்து, இரண்டு வார வேலையைப் பிரித்தாள். ஒரு முடியை எடுத்து நீளவாக்கில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். முடி தானாக ஒரு பக்கம் நகரும். நகருகிற பக்கம் வேர். மாஸ்டர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

இனி, அந்த அஞ்சு வருஷம்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிற செய்திகளை நான் ஒரு ஃபைலில் போட்டு வைக்கிறேன். முதலில் பேப்பர் கட்டிங், அப்புறம் பிரிண்ட் அவுட். தோல் மருத்துவர் ஒருவரும் என்னிடம் விக் வைத்துக்கொள்கிறார். சீர் செய்ய அவர் வரும் நாளில் ஃபைலை நீட்டிப் புரியாததைக் கேட்டுக்கொள்வேன். தன் தலைக்கு ஆகாததைத்தான் தினமும் எழுதிக் கொடுக்கிறேன் என்று அவரே சிரிப்பார்.

ஃபைலில் அடியில் கிடப்பது மினாக்ஸிடில். அது முடிக்காகப் பிறந்த மருந்தே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முதுகிலும் முடி வளர்ந்தது. அப்ஜான் கம்பெனிக்காரர்கள் அதையே இரண்டு சதவீதக் கரைசலாக்கித் தலையில் பூசக் கொடுத்தார்கள். 1988-ல் அனுமதி கிடைத்தது. அந்தப் பேச்சு இங்கே வந்து சேர்ந்தபோது எங்கள் பட்டறையில் பெரிய கலக்கம். இனி யார் டோப்பா வைப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வந்திருந்த ஆர்டருக்கு லேஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மருந்து பொய்யில்லை. நிறையப் பேருக்கு இருக்கிற முடியைப் பிடித்து வைக்கிறது, உச்சியில் கொஞ்சம் அடர்த்தி கொடுக்கிறது. ஆனால் பூசத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். பழைய முடி உதிர்ந்து புதுசுக்கு இடம் விடுகிறதாம். பாதிப்பேர் அங்கேயே பயந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மீதிப்பேரில் பலர், நன்றாக வந்துவிட்டதே என்று ஒரு நாள் நிறுத்துவார்கள். சில மாதத்தில் வந்தது எல்லாம் போய்விடும். இரண்டு வகையினரும் எங்கள் படியேறுவார்கள்.

அடுத்தது ஃபினாஸ்டரைடு. இதன் கதை எனக்குப் பிடித்த கதை. கரீபியக் கடலில் டொமினிகன் குடியரசு. அங்கே சில கிராமங்களில் பெண் என்று நினைத்து வளர்த்த பிள்ளைகள் சிலர் பருவ வயதில் ஆணாக மாறுவதைப் பற்றி 1974-ல் ஆய்வு வெளிவந்தது. டெஸ்டோஸ்டிரானை இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிற ஒரு நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்குத் தலையில் வழுக்கை விழவில்லை, ப்ராஸ்டேட்டும் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியை மாத்திரையால் அடக்கலாமே என்று மெர்க் கம்பெனி இறங்கியது. 1992-ல் ப்ராஸ்டேட்டுக்கு ஐந்து மில்லிகிராம், 1997-ல் முடிக்கு ஒரு மில்லிகிராம். இதுவும் வேலை செய்கிற மருந்துதான். ஆனால் சிலருக்கு ஆண்மை தொடர்பான தொந்தரவு வரும் என்ற எச்சரிக்கையோடு வருகிறது. கல்யாணத்துக்கு முடி வேண்டும் என்று வருகிற பையனிடம் இதைச் சொன்னால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பிறகு ஃபைலில் சேர்ந்தது எல்லாம் வரப்போவதைப் பற்றித்தான். 1999-ல் இங்கிலாந்தில் காலின் ஜகோடா என்ற விஞ்ஞானி, தன் தலையின் முடிவேரைச் சுற்றியிருந்த செல்களை எடுத்து, உடன் வேலை செய்த தன் மனைவி அமண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார். அங்கே முடி முளைத்தது. இந்தக் கட்டிங்கைக் கொண்டுவந்தவர் ஒரு வங்கி அதிகாரி. "புருஷன் முடி பொண்டாட்டி கையில முளைச்சிருக்கு அக்கா. என் தலையில முளைக்காதா?" என்றார். நியாயமான கேள்வி. சிக்கல் என்னவென்றால், ஒரு தலைக்குக் கைப்பிடி செல் போதாது. ஆய்வகத்தில் பெருக்க வேண்டும். வேரடியில் இருக்கிற அந்தச் செல்களைத் தட்டில் போட்டுப் பெருக்கப் பெருக்க, முடி முளைக்க வைக்கிற குணத்தை மறந்துவிடுகின்றன. தொங்குகிற துளியில் உருண்டையாகச் சேர்த்து வளர்த்தால் கொஞ்சம் நினைவு திரும்புகிறது என்று 2013-ல் ஜகோடாவும் அமெரிக்காவின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் சேர்ந்து காட்டினார்கள். கிறிஸ்டியானோவுக்கே புழுவெட்டு உண்டு என்று டாக்டர் சொன்னார். தன் தலைக்காகவும் உழைக்கிறவர் என்றால் எனக்கு ஒரு மரியாதை.

எங்கள் தொழிலுக்கே நேராகச் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று உண்டு. அடெரான்ஸ் என்பது ஜப்பானின் பெரிய விக் கம்பெனி. 1968-ல் தொடங்கியது. விக் விற்றுச் சம்பாதித்த பணத்தில் அவர்கள் 2002-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள், முடிச்செல்லைப் பெருக்கித் தலையில் ஊசி போடுவதற்காக. தன் வியாபாரத்தைத் தானே இல்லாமல் ஆக்கப் பார்த்தார்கள். மனிதர்கள் மீதான சோதனை வரை போனார்கள். 2013-ல் நிலையத்தை மூடிவிட்டார்கள். விக் வியாபாரம் இன்றும் நடக்கிறது. "நம்ம ஆளுங்களே செய்து பார்த்து முடியலையே" என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு நிம்மதி வரும்.

ஜப்பானிலேயே டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் டகாஷி ட்சுஜியின் குழு 2012-ல் வேறு வழியில் போனது. இரண்டு வகைச் செல்லைச் சேர்த்து முடியின் கருவை உண்டாக்கி, முடியில்லாத எலியின் தோலில் நட்டார்கள். முளைத்தது, உதிர்ந்தது, திரும்பவும் முளைத்தது. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. நட்ட கருவுக்குள் அவர்கள் ஒரு மெல்லிய நைலான் நூலைச் செருகினார்கள். முடி தோலுக்கு வெளியே வர வழிகாட்ட. டாக்டர் இதை விளக்கிச் சொன்னபோது மாஸ்டர் உயிரோடு இல்லையே என்று இருந்தது. நூல் இல்லாமல் முடியைத் திசைக்குக் கொண்டுவர முடியாது என்று அவரிடம் அடி வாங்கிக் கற்றவள் நான். 2016-ல் ட்சுஜியின் குழுவோடு க்யோசெரா கம்பெனியும் சேர்ந்து, 2020-க்குள் மக்களுக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். 2020 வந்தது, கொரோனா வந்தது, முடி வரவில்லை. அந்தச் செய்தியை நம்பி ஆர்டரை நிறுத்தி வைத்த என்ஜினீயர் ஒருவர் 2021-ல் முகக்கவசத்தோடு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் முடி எங்கே நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதைத் தொழிலாகப் பார்த்தவள். ஒரு முடியை முளைக்க வைப்பது ஆய்வகத்துக்குக் கஷ்டம் என்றால், ஒரு தலை நிறைய முடியை உண்டாக்குவது அதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. நெற்றி முடி தோலோடு படுத்து முன்னால் போகும். பொட்டுப்பக்க முடி கீழே திரும்பும். பிடரியில் இரண்டு பக்கமும் நடுவை நோக்கி வரும். உச்சியில் சுழி. பெரும்பாலானவர்களுக்கு வலமாகச் சுற்றும், சிலருக்கு இடமாக. சிலருக்கு இரட்டைச் சுழி, இரண்டு கல்யாணம் என்பார்களே அது. வயதானவரின் முன் முடி மெலிந்திருக்கும், பின் முடி தடித்திருக்கும். காதோரம்தான் முதலில் நரைக்கும். இத்தனையும் இயற்கைக்கு வயிற்றில் இருக்கும்போதே தெரியும். எங்களுக்குப் பென்சிலால் மரத்தலை முழுக்க அம்புக்குறி போட்டால்தான் வரும்.

மாஸ்டர் புதிதாக வந்தவர்களுக்கு முதல் மாதம் ஊசியே தரமாட்டார். பஸ் ஸ்டாண்டில் போய் நில், முன்னால் நிற்பவர்களின் சுழியைப் பார்த்து வந்து வரை என்று அனுப்புவார். வடபழனி பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் பஸ் பார்ப்பார்கள், நாங்கள் பிடரி பார்ப்போம். இன்றும் பழகுகிறவர்களை அனுப்புகிறேன்.

முடி நடுகிற அறுவைச் சிகிச்சைக்காரர்களும் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுத்தான் கற்றார்கள். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற டாக்டர் 1950-களில் ஒரு விஷயத்தைக் கண்டார். பின்னந்தலை முடியை எடுத்து வழுக்கையில் நட்டால், அது பிறந்த இடத்துக் குணத்தோடேயே இருக்கும், கொட்டாது. அந்தக் காலத்தில் நாலு மில்லிமீட்டர் வட்டமாகத் தோலோடு எடுத்து நட்டார்கள். கொத்துக் கொத்தாக முடி, நடுவில் வெறுந்தோல். அப்படி நட்டுக்கொண்டு அதை மறைக்க விக் வைத்தவர்களுக்கு நான் கட்டியிருக்கிறேன். இப்போது ஒரு வேர், இரண்டு வேர் என்று பிரித்து நடுகிறார்கள். நல்ல கைக்காரர் நட்டால் நானே பக்கத்தில் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பின்னந்தலையில் எடுக்க எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் நட முடியும். அந்த இருப்புத் தீர்ந்தவர்கள்தான் செல் பெருக்கும் வித்தைக்கு அதிகமாக ஏங்குகிறார்கள்.

ஏமாற்றத்தை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. புழுவெட்டில் நடந்திருப்பதைப் பாருங்கள். சின்ன வெங்காயத்தைத் தேய்த்து ரத்தம் வரப் பண்ணிக்கொண்ட தலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய் வட்டம் தானாகவே சரியாகும், வெங்காயத்துக்குப் பெயர் கிடைக்கும். தலை முழுக்க, புருவம் இமை வரை கொட்டியவர்களுக்கு ஒன்றுமே கேட்காது. உடம்பின் காவல் செல்கள் சொந்த முடிவேரையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய் அது. அந்தத் தாக்குதலைத் தடுக்கிற ஜாக் தடுப்பு மாத்திரைகளில் பாரிசிட்டினிப் 2022-ல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி பெற்றது. மறு வருஷம் ரிட்லெசிட்டினிப். கடுமையான புழுவெட்டு உள்ளவர்களில் பாரிசிட்டினிப்பைக் கூடுதல் அளவில் எடுத்தவர்களுக்குச் சோதனையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தலை பெரும்பாலும் மூடியது. எல்லாருக்கும் இல்லை, நிறுத்தினால் திரும்பக் கொட்டலாம், தொற்று வராமல் டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இருந்தாலும் இது வந்துவிட்ட மருந்து. என்னிடம் பள்ளிக்கூட நாளிலிருந்து விக் வைத்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் சொந்த முடியைச் சீவிப் பின்னி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் முதலில் செய்தது அவர் உச்சியைக் குனிய வைத்துச் சுழியைப் பார்த்தது. நான் வலமாகக் கட்டியிருந்தேன். அவருக்கு வலம்தான்.

அதனால் பொறுத்திருக்கிறவரிடம் "அதெல்லாம் வராது சார், இதை வாங்கிக்கோங்க" என்று சொல்கிற வியாபாரம் எனக்கு ஆகாது. எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். உங்களுக்கு இருப்பது எந்த வகை என்று முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். தைராய்டு, ரத்தசோகை, பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவது, டெங்குக்குப் பிறகு கொட்டுவது, இவையெல்லாம் காரணம் சரியானால் திரும்புகிற முடி. அவர்களை நான் ஆர்டர் எடுக்காமலேயே அனுப்பியிருக்கிறேன். வீட்டில் திட்டு விழும்.

கீமோவுக்குப் போகிறவர்களுக்குக் காத்திருப்பு வேறு மாதிரி. பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில மாதத்தில் முடி திரும்பிவிடும். அவர்களை முடி கொட்டுவதற்கு முன்பே வரச் சொல்கிறேன், சொந்த நிறமும் வகிடும் பார்த்து வைத்துக்கொள்ள. உள்பக்கம் டேப்போ க்ளூவோ கூடாது. தலைத்தோல் அப்போது பட்டால் வலிக்கும். மெல்லிய பருத்தித் துணியில் குல்லாய் தைத்து, தையல் விளிம்பு வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்து, அதன்மேல் கட்ட வேண்டும். கழுத்துப் பக்கம் எலாஸ்டிக் இறுக்கவும் தளர்த்தவும் வழி வைக்க வேண்டும், ஏனென்றால் முடி போனதும் தலை அளவு குறையும். முளைக்கும்போது சிலருக்குச் சுருட்டையாக முளைக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் போகப் போகப் பழையபடி ஆகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருந்து எடுத்துக்கொண்டே விக்கும் கேட்கிற ஆண்களுக்குத்தான் இப்போது வேலை அதிகம். முன்பெல்லாம் உச்சியை மழித்துவிட்டுப் பேட்ச் ஒட்டுவது வழக்கம். இன்றும் பல கடைகளில் அதுதான். ஒட்டுவதற்கு வசதி, பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் முளைக்கட்டும் என்று பணம் கொட்டி மருந்து பூசுகிறவரின் முடியை நாமே மழித்தால் அவர் எப்படிப் பார்ப்பார், வருகிறதா இல்லையா என்று? நான் மழிப்பதில்லை. நெற்றி விளிம்பில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய டேப், பின்னால் கிளிப். கிளிப்பை எப்போதும் ஒரே இடத்தில் மாட்டினால் அந்த இடத்து முடி இழுபட்டே போய்விடும். அதனால் உள்ளே ஐந்தாறு இடத்தில் துணிப்பட்டி தைத்து வைத்து, வாரம் ஒரு இடமாக மாற்றச் சொல்கிறேன். மினாக்ஸிடில் பூசுகிறவரிடம் காலையில் பூசி உடனே மாட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பிசுபிசுப்பில் டேப் நழுவும், லேஸ் சீக்கிரம் கெடும். எப்போது, எத்தனை வேளை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ராத்திரி கழற்றிய பிறகு பூசுகிற மாதிரி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

அடர்த்தியில்தான் சண்டை வரும். எல்லாரும் கல்லூரிக் காலத்துப் போட்டோவோடு வருவார்கள். நான் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய போட்டோவைக் கேட்பேன். நாற்பத்தைந்து வயது முகத்துக்கு இருபது வயது முன்நெற்றி வைத்தால் தெருவில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும். நெற்றியை ஒரு விரல் மேலே தள்ளி, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் உள்வாங்கி, முதல் இரண்டு வரிசையில் அங்கங்கே கண்ணை விட்டுவிட்டுக் கட்ட வேண்டும். முன் முடிச்சின் கறுப்புப் புள்ளி தெரியாமல் இருக்க ப்ளீச் வைக்கிறோம், முடியில் ஏறாமல் முடிச்சில் மட்டும். நேரம் ஒரு நிமிஷம் தாண்டினாலும் முடி செம்பட்டையாகிவிடும். நரைக்கு வெள்ளை மனித முடி நல்லதாகக் கிடைப்பது அபூர்வம். யாக் எருமையின் முடியைக் கலக்கிறோம். தடிப்பு ஒத்துவருகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

மாப்பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "பொண்ணுகிட்ட சொல்லியாச்சா தம்பி?" பல பேர் தரையைப் பார்ப்பார்கள். சொல்லிவிட்டு வா, அப்புறம் அளவு எடுக்கலாம் என்று ஒருவனை அனுப்பினேன். அவன் அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் உட்கார்ந்து, இவ்வளவு அடர்த்தி வேண்டாம் அக்கா, அவருக்கு நெற்றி பெரிசா இருந்தாத்தான் நல்லா இருக்கு என்று என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டாள்.

திரும்பி வருகிற விக்குகளும் உண்டு. டீச்சர் கொடுத்துவிட்டுப் போனது, கீமோ முடிந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போவது. இன்னொருவருக்குப் போட நன்றாக இருப்பதைச் சுத்தம் செய்து, உள் துணியை மாற்றி, வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். லேஸ் கிழிந்ததைப் பிரித்து, அலசி, ஆணிச் சீப்பில் இழுத்து, வேர் நுனி பார்த்துக் கட்டி வைக்கிறோம். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு முதலில் தருவது அந்த முடிதான். வருவதாக இருந்தால் காலையில் வாருங்கள். கறுப்பு முடியைக் கறுப்பு லேஸில் கட்ட ஜன்னல் வெளிச்சம் வேண்டும், மூன்று மணிக்கு மேல் எங்கள் சந்தில் அது கிடைக்காது. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். இடது கை நகத்தை வெட்டாதீர்கள், முடி பிடிக்க வேண்டும்.